மஞ்சள் துணி சிவக்கவில்லை

ஒரு ஊராம். ஊருக்கு வடக்கே ஒரு தென்னந்தோப்பாம். தோப்புக்குள்ளே ஒரே ஒரு நீலத் தொட்டியாம். அந்தத் தொட்டிக்கு ஒரே ஒரு ராசாவாம், ராசா கையிலே செங்கோலுக்குப் பதிலா மூங்கில் குச்சியிலே கட்டின வலையாம். கதை என்று ஒன்று நடக்க வேண்டுமானால் எதிரே ஒருத்தர் உட்கார்ந்து ‘ம்’ கொட்ட வேண்டும், ‘ம்’ நின்றால் ராசாவும் நடுவழியில் நின்றுவிடுவான், சின்ன வயதில் நான் கேட்ட கதையெல்லாம் அப்படித்தான் நடந்தது. இப்போது எனக்கு மோட்டார் கொட்டுகிறது. ம்ம்ம்ம் என்று மூச்சு விடாமல் கொட்டுகிறது. நானே செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டின மோட்டார், உள்ளே ஒவ்வொரு கம்பிச் சுற்றும் என் விரல் பட்டுப் போனது. தொட்டித் தண்ணீரை இழுத்து, மணல் வழியாக விட்டு, அழுக்கை அங்கேயே நிறுத்திக்கொண்டு, சுத்தமானதை மட்டும் திருப்பித் தருகிறது. ராசா வேறு யாருமில்லை, நான்தான், நவநீதன், வயது இருபத்து மூன்று, உடுமலைப் பக்கம் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருப்பவன், பேசினால் பக்கத்தில் நிற்கிறவருக்கே கேட்காது என்று பேர் வாங்கினவன். இருபது அடி நீளம், பத்து அடி அகலம், நாலடி ஆழம், லாரியில் ஒரே துண்டாக வந்து இறங்கிய ஃபைபர் தொட்டி, அன்றைக்குத் தோட்டத்து வேலியைப் பிரித்துத்தான் உள்ளே விட்டோம். பக்கத்துத் தோட்டத்து ராக்கியப்பன் மாமா வேலி மேல் கையை ஊன்றிக்கொண்டு, “ஏம் மாப்ள, இதுல மீனு வளத்தப் போறியா, எருமையக் கட்டப் போறியா?” என்றார். அப்புறம் ஊரே சிரித்தது. சிரிக்கட்டும். காலையில் வெயில் சாய்வாக விழும்போது அடியில் கிடக்கிற ஒரு தென்னம்பூவின் காம்புகூடத் தெரியும், அந்த மாதிரித் தண்ணீர் இந்த வட்டாரத்தில் எவன் தோட்டத்தில் இருக்கிறது, கிணற்றிலும் இல்லை, வாய்க்காலிலும் இல்லை, இங்கே இருக்கிறது, நான் செய்தது. தண்ணீரைச் செய்ய முடியும் என்று ஆறு வாரத்துக்கு முன்னால் எனக்கே தெரியாது. சாயங்காலம் நாலு மணிக்கு அக்கா இதில் இறங்கப் போகிறாள். இரண்டாவது தடவை. எரிந்தால் கடைசித் தடவை.

எரியாது. எரியாது என்று சொல்லிக்கொள்ளும்போதே கை குழாய்க்குப் போகிறது, விரல் நீளத்தில் இரண்டு கண்ணாடிக் குழாய், ஒன்றில் மஞ்சள் சொட்டு விட்டால் குளோரின் எவ்வளவு என்று சொல்லும், இன்னொன்றில் சிவப்புச் சொட்டு விட்டால் தண்ணீர் புளிப்பா காரமா என்று சொல்லும், புளிப்பு என்றால் மஞ்சளாகும், காரம் ஏறினால் ரோசா நிறமாகும், நடுவில் செவ்விளநீர்க் காயின் தோல் மாதிரி ஒரு நிறம் இருக்கிறது, அதுதான் மனுசக் கண்ணுக்கு எரியாத நிறம், அதைத் தேடித்தான் ஆறு வாரமாக அலைகிறேன். மணி பத்து. குளோரின் பார்க்க வேண்டியதில்லை, நேற்றுப் பொழுதோட, வெயில் இறங்கினதும், நானே என் கையால் போட்டது, மழைக்குப் பிறகு ஓரத்தில் லேசாகப் பச்சை தட்டியது, ஒரு டம்ளர் தூளைப் பக்கெட்டில் கரைத்துச் சுற்றி ஊற்றி, இலை விழாமல் தார்ப்பாயும் போட்டு மூடினேன், என் அளவு எனக்குத் தெரியாதா. சிவப்புச் சொட்டை மட்டும் விட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. மூடி, தலைகீழாக ஆட்டி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். நாவல்பழம். ரோசா இல்லை, சிவப்பு இல்லை, நாவல்பழம் தின்றவன் நாக்கு நிறம். குழாயோடு வந்த நிற அட்டையில் பார்த்தேன், அட்டையில் அந்த நிறமே இல்லை, அட்டை போட்டவர்கள்கூட இப்படி ஒருத்தன் தண்ணீரைக் கெடுப்பான் என்று நினைக்கவில்லை. மறுபடி எடுத்தேன், வேறு மூலையில், முழங்கை ஆழத்தில் குழாயை விட்டு எடுத்தேன். நாவல்பழம். காரம் எல்லை தாண்டிவிட்டது என்றால் ஆசிட் ஊற்ற வேண்டும், ஆசிட். அந்த வார்த்தை வந்ததும் நெஞ்சு அங்கேயே மாட்டிக்கொண்டது, பனியனில் முள் மாட்டின மாதிரி, முன்னால் இழுத்தாலும் கிழியும் பின்னால் இழுத்தாலும் கிழியும். போன வியாழக்கிழமை ஊற்றினேனே. எங்கள் போர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர், காரம் கூட, ஊற்றத்தான் வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள், ஊற்றினேன், கைப்பிடி இருக்கிற படிக்கட்டு ஓரமாக நின்று ஊற்றினேன், அங்கேதான் நிற்க வசதி, ஊற்றி முடித்த கையோடு கரண்ட் போயிற்று. மோட்டார் ‘ம்’ கொட்டுவதை நிறுத்திவிட்டது. தண்ணீர் சுற்றவில்லை, கலக்கவில்லை, ஊற்றினது ஊற்றின இடத்திலேயே படிக்கட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது, எனக்கு உறைக்கவில்லை, அக்கா ஒரு கையில் ஊன்றுகோலும் ஒரு கையில் என் தோளுமாக அந்தப் படிக்கட்டு வழியாகத்தான் இறங்கினாள். கண் இரண்டும் இரண்டு நாள் கோவைப்பழம். காலில் ஆபரேசன் தழும்பைச் சுற்றி வட்டமாகச் சிவப்பு. “என்ற ஒடம்புக்கு இந்த மருந்துத் தண்ணி ஆகாதுடா நவநீ, உட்டுரு” என்றாள். உன் உடம்பு இல்லை அக்கா, நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாக்கு வரைக்கும் வந்து திரும்பிப் போய்விட்டது. என் பேச்சு எப்போதுமே அப்படித்தான், பாதி வழியில் திரும்பி வீட்டுக்குப் போய்விடும்.

அக்காவுக்குக் கோகிலவாணி என்று பேர், பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர், அவள் ஏழாம் வகுப்புக்குப் பாடம் நடத்தினால் எட்டாம் வகுப்பு நோட்டில் எழுதிக்கொள்ளும் என்பார்கள், அவ்வளவு குரல். மணலில் ஸ்கூட்டர் சறுக்கி இடுப்பெலும்பு விரிசல் விட்டு நாலு மாதம். டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார், தண்ணீருக்குள் நடக்கட்டும், தண்ணீர் உடம்பைத் தூக்கிக்கொள்ளும், கால் பயமில்லாமல் வேலை செய்யும், இந்த இரண்டு மூன்று மாதத்தில் சதை பிடிக்காவிட்டால் அப்புறம் இழுத்து இழுத்துத்தான் நடை. கோயமுத்தூரில் ஒரு குளத்துக்குக் கூட்டிப் போனோம். இரண்டு பேர் தூக்கி இறக்க, கரையெல்லாம் ஆள் நின்று பார்க்க, அவள் என் காதில் மட்டும், “செத்தாலும் இங்க வரமாட்டேன்” என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். அதனால்தான் இந்தத் தொட்டி. இதற்கு மேல் காரணம் கேட்கிறவர்கள் வேலிக்கு அந்தப் பக்கமே நிற்கட்டும். முந்தாநாள் நாள் முழுக்கக் கெஞ்சி ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறேன். “ஒரே ஒரு வாட்டி. இந்த வாட்டியும் எரிஞ்சுதுன்னு வெய்யி, தண்ணிய எறைச்சுப் போட்டு நாத்து உட்டுக்க.”

மருந்து வாங்கின கடைக்குப் போன் போட்டேன். பேரேட்டில் எதையோ தேடிக்கொண்டே பேசுகிற குரல். “பர்ப்பிளாத் தெரியுதுங்களா தம்பி? அப்ப காரம் எகிறிப்போச்சு. யோசிக்கவே வேண்டாம், ஒரு லிட்டர் ஆசிட் ஊத்திருங்க.” ஒரு லிட்டரா என்றேன். “ஆமா தம்பி, சத்தமாப் பேசுங்க, ஒண்ணும் கேக்கல.” வைத்துவிட்டேன். கேனைத் தூக்கினேன், மூடியைத் திருகினதும் அந்த வாடை மூக்குக்குள் ஏறி உட்கார்ந்தது, ஊற்றினால் சரியாகிவிடும், கடைக்காரருக்குத் தெரியாததா, ஊற்றினால் சரியாகும், ஊற்றாவிட்டால் நாவல்பழத் தண்ணீரில் அவள் இறங்குவாள், எரியும், ஊற்றினாலும் எரிந்தால், இடையில் சம்பந்தமே இல்லாமல் அந்த ஆலாத்தித் தட்டு ஏன் நினைவுக்கு வருகிறது. அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்றைக்கு அம்மா தட்டில் தண்ணீர் விட்டு மஞ்சள் தூளைக் கரைத்தாள், மஞ்சளாகவே இருந்தது, “சுண்ணாம்ப மறந்துட்டேன், எடுத்துட்டு வா கண்ணு” என்றாள், அக்கா அந்த வெயிலில் ஊன்றுகோலோடு வாசலில் நிற்கிறாள், “அம்மா, நீ கரைச்சு முடிக்கறதுக்குள்ள நான் இன்னொருக்கா விழுந்துருவேன்” என்கிறாள், நான் ஓடிப்போய் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பைக் கிள்ளிக்கொண்டு வந்தேன். போதும், இப்போது அதற்கென்ன, கேன் கனக்கிறது. படிக்கட்டு ஓரத்தில் வேண்டாம், இந்தத் தடவை தண்ணீர் வந்து விழுகிற குழாய்க்கு நேராக, மோட்டார் ஓடுகிறது, கரண்ட் இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக. கேனைச் சாய்த்தேன், சாய்க்கப் போனேன், ஆலாத்தித் தட்டு மறுபடி கண்ணுக்கு முன்னால், சுண்ணாம்பு பட்ட இடத்தில் மஞ்சள் திடுக்கென்று சிவந்து, சிவப்பு சுருள் சுருளாகப் பரவி, தட்டு முழுக்க ரத்தம் மாதிரி. ஏன் சிவக்கிறது. சுண்ணாம்பு காரம். சோப்பு காரம். குழம்பு சிந்தின சட்டையில் சோப்புப் போட்டால் கறை சிவக்கிறதே, எத்தனை சட்டை பார்த்திருக்கிறேன், காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். அப்படியென்றால் இந்தத் தண்ணீர் நிசமாகவே காரமாக இருந்தால், எல்லை தாண்டின காரமாக இருந்தால், இதில் மஞ்சள் சிவக்க வேண்டும். கேனை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

பழைய வேட்டியில் ஒரு சாண் கிழித்து, மஞ்சள் தூளைக் குழைத்துப் பூசி, வெயிலில் காய வைத்தேன், இரண்டு நிமிடத்தில் சருகு மாதிரி ஆகிவிட்டது. முதலில் ஒரு முனையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்தேன், நெற்றிக் குங்குமம் மாதிரி சிவந்தது, சரி, துணி பொய் சொல்லவில்லை. அந்த முனையைக் கிழித்துப் போட்டுவிட்டு, மிச்சத் துணியின் நடுவில் பிடிக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு, முழங்காலிட்டுத் தொட்டிக்குள் நீட்டினேன். மஞ்சள். இன்னும் ஆழமாக விட்டேன். மஞ்சள். சிவக்கவில்லை, சிவக்கவே இல்லை, ஒரு இழைகூடச் சிவக்கவில்லை. மாறாக ஓரம் வெளுத்துக்கொண்டு வந்தது. வெளுக்கிறதா? பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்து நூலெல்லாம் மஞ்சளை விட்டுவிட்டுப் பழைய வேட்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. எது சாயத்தைத் தின்னும். குளோரின் தின்னும். துணியில் இருக்கிற சாயத்தைத் தின்கிறது என்றால் குழாயில் நான் விட்ட சொட்டும் ஒரு சாயம்தானே, அதையும் தின்று வேறு நிறமாகக் கக்கியிருக்கிறது, நாவல்பழம் தண்ணீரின் நிறம் இல்லை, கெட்டுப்போன சொட்டின் நிறம். பார்க்க வேண்டியதில்லை என்று நினைத்த குளோரினைப் பார்த்தேன். எலுமிச்சைத் தோல் நிறத்தில் இருக்க வேண்டியது செங்கல் தூளைக் கரைத்த மாதிரி நின்றது. ஆனால் நான் போட்டது ஒரு டம்ளர்தானே, ஒரே ஒரு டம்ளர், எப்படி. அம்மா கொடியில் துணி காயப் போட வந்தவள், “என்ன சாமி, மொகம் இப்புடி இருக்குது?” என்றாள். ஒன்றுமில்லை, மருந்து கூடிவிட்டது என்றேன். அம்மா கையிலிருந்த துணியை உதறாமல் நின்றாள். “நீ நேத்துப் பொழுதோட போட்டுட்டியா? நான் நீ மறந்துட்டேன்னு... டம்ளரு காஞ்சாப்ல கெடந்துதா, விடியால தார்ப்பாயத் தூக்கிப் பாத்தாப் பச்சை வேற தட்டியிருந்துச்சா, நான் ரெண்டு டம்ளரு அள்ளிப் போட்டேங் கண்ணு. தாராளமாவே போட்டேன்.” இரண்டு பேர் உப்புப் போட்ட குழம்பு. எங்கள் வீட்டில் மாதம் ஒரு தடவை நடக்கிறதுதான், ஆளுக்கொரு தடவை போட்டுவிட்டு இருவரும் போடவில்லை என்று சாதிப்போம், இப்போது இருபத்திரண்டாயிரம் லிட்டரில் நடந்திருக்கிறது. சிரிப்பு வந்தது, சிரிப்பு வந்ததில் பிடி தளர்ந்து துணி நழுவி, முடிச்சின் கனத்தில் அலுங்காமல் இறங்கி, கடைசிப் படிக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. வலையை விட்டுப் பார்த்தேன், அந்த இடுக்குக்குள் வலை போகவில்லை. இறங்கி எடுக்கலாம். இறங்க மாட்டேன், அக்காவுக்கு முன்னால் இந்தத் தண்ணீரில் ஒரு கால் படக் கூடாது என்று வைத்திருக்கிறேன், என் கால் உட்பட. கிடக்கட்டும்.

ஆனால் பெருமையாக இருந்தது, பயத்துக்கு நடுவிலும் பெருமையாக இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, யாரிடம் சொல்வது, சொட்டு பொய் சொல்கிறது என்று கடைக்காரருக்கே தெரியவில்லை, வேட்டித் துணிக்குத் தெரிந்தது, எனக்குத் தெரிந்தது. ம்ம்ம்ம் என்றது மோட்டார். தார்ப்பாயை முழுக்க உருவிப் போட்டேன். இனிமேல் என் வேலை இல்லை, வெயிலின் வேலை, குளோரினை வெயில் தின்னும், கூரை இல்லாத தொட்டிக்கு அதுதான் நட்டமும் லாபமும். பதினொன்றரைக்குப் பார்த்தேன், செங்கல் தூள் மங்கிப் பழுத்த தேங்காய் மட்டை நிறம். மேகம் ஒன்று திருமூர்த்தி மலைப் பக்கமிருந்து வந்து தோப்பின் மேல் நின்றது, நகர் நகர் என்று மனதுக்குள் அதட்டினேன், என் அதட்டல் மனிதருக்கே கேட்காது, மேகத்துக்கா கேட்கும், ஆனால் நகர்ந்தது. ஒரு மணிக்குக் கெட்டி மஞ்சள். தண்ணீரை நம்பலாமா, தண்ணீரைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது, வியாழக்கிழமையும் இதே நீலம்தான், இதே தெளிவுதான், அடியில் இதே தென்னம்பூதான், அழகாக இருந்துகொண்டுதான் அவளைக் கடித்தது. கலங்கல் தண்ணீர் கலங்கல் என்று முகத்தில் எழுதிக்கொண்டு வரும், இது சிரித்துக்கொண்டு வரும். அவளும் அப்படித்தான், அன்றைக்கு எரிய எரியச் சிரித்துக்கொண்டு ஏறினாள், ராக்கியப்பன் மாமா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாரே, அதற்காக. இரண்டரைக்கு எலுமிச்சைப் பழம். மூன்றேகாலுக்கு எலுமிச்சையின் வெளிர்த் தோல், அட்டையில் இருக்கிற அதே நிறம். அப்போதுதான் சிவப்புச் சொட்டை எடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. கண்ணை மூடிக்கொண்டு ஆட்டினேன். திறந்தேன். செவ்விளநீர்.

மூன்றே முக்காலுக்கு வேலி ஓரத்தில் தலை தெரிந்தது. “என்ன மாப்ள, இன்னைக்கு ஆட்டம் உண்டு போலிருக்குது?” மாமா துண்டை விரித்துப் போட்டு உட்காரவே வந்திருந்தார். எழுந்து போனேன். வேலிக்கு வெகு பக்கத்தில் போய் நின்றேன், அப்போதுதான் என் பேச்சு கேட்கும். “மாமா, அக்கா எறங்கற நேரம். போயிட்டு அப்பறமா வாங்க.” மாமா, “அட, நானென்ன கண்ணா வெக்கப் போறேன்” என்றார். “இல்லீங் மாமா. போயிட்டு வாங்க.” இரண்டாவது தடவையும் அதே அளவு குரலில்தான் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார், “சரி, தொட்டிக்காரரு சொன்னா மறுபேச்சு ஏது” என்று முனகிக்கொண்டே போனார்.

அக்கா வந்தாள். ஊன்றுகோல், பழைய சுடிதார், பின்னால் துண்டோடு அம்மா. படிக்கட்டில் நின்று முதலில் ஒரு கட்டைவிரலை மட்டும் விட்டாள், பரீட்சைத் தாளைத் திருத்துகிறவள் முகம். “அக்கா” என்றேன். “என்ன?” அன்றைக்கு எரிந்தது உன் உடம்பால் இல்லை, நான் படிக்கட்டில் ஆசிட்டை ஊற்றினேன், கரண்ட் போய்விட்டது, கலக்கவில்லை என்று மொத்தத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன், பாதி வழியில் திரும்புவதற்கு அதற்கு நேரமே கொடுக்கவில்லை. அவள் கட்டைவிரலை எடுக்கவில்லை. “எனக்குத் தெரியாதா? கேனு பக்கத்துலயே கெடந்துது, கரண்டு இல்ல. அறிவியல் டீச்சருடா நானு. நீயா எப்பச் சொல்றேன்னு பாத்துட்டு இருந்தேன். ஒரு வாரம் ஆச்சு உனக்கு.” அம்மா, “நானும் ரெண்டு டம்ளரு...” என்று ஆரம்பித்தாள். “நீ போயி டீ வெய்ம்மா, உங்க ரெண்டு பேரு பாவமன்னிப்பையும் ஒரே நாள்ல கேக்க முடியாது.” அம்மா போனாள். அக்கா இறங்கினாள். முழங்கால், இடுப்பு, மார்பு. நான் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன், வெள்ளையாகத்தான் இருந்தது, இனிமேல் சிவக்கும், இப்போது சிவக்கும். நடந்தாள், அந்தப் பக்கம், இந்தப் பக்கம், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பிறகு விரல் நுனியால் தொட்டுக்கொண்டு. எட்டுத் தடவை. ஒன்பதாவதில் கடைசிப் படிக்குப் பக்கத்தில் நின்று கீழே பார்த்தாள், நான் வாய் திறப்பதற்குள் ஆளைக் காணவில்லை. தண்ணீருக்கு மேல் அவள் முடி மட்டும் விரிந்து மிதந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. மோட்டார்கூட நின்றுவிட்ட மாதிரி இருந்தது. நாலில் எழுந்தாள், வாயால் தண்ணீரை ஊதினாள், கையில் ஒரு சாண் துணி, முழுக்க வெளுத்து, முடிச்சுக்குள் மட்டும் ஒரு பொட்டு மஞ்சள்.

“என்னடா இது, தொட்டிக்குத் தாயத்தா?”

“எரியுதாக்கா?”

“எது?” என்றாள், கண்ணை அகலமாகத் திறந்துகொண்டு.

அவள் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், முடிச்சை நெருடினாள், மஞ்சளை முகர்ந்தாள், அப்புறம் மெதுவாக, “சிவக்கல” என்று தனக்குத்தானே சொன்னாள். ஏறிவந்து துண்டைப் போர்த்திக்கொண்டு ஊன்றுகோலை எடுத்தாள். துணியைத் திருப்பித் தரவில்லை. “நாளைக்கு மூணு மணிக்கே வருவேன். நாலுக்கெல்லாம் அந்த மூலையில நெழலு விழுந்துருது.” கல் பாவின வழியில் அவள் நடந்தாள், ஈரத்தில் வலது பாதம் முழுசாக, ஊன்றுகோல் ஒரு புள்ளி, இடது காலுக்கு எப்போதும் போல இழுத்த கோடு, கோடு, கோடு, அப்புறம் ஓர் இடத்தில் ஐந்து விரல், மறுபடி கோடு. வெயில் பின்னாலிருந்தே அவற்றைக் காய வைத்துக்கொண்டு போனது. மோட்டார் ‘ம்’ கொட்டியது. அக்கா தென்னை மரத்தைத் தாண்டி, கொடித் துணிகளைத் தாண்டி, கையில் அந்த வெளுத்த துணியோடு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போனாள்.